பழைய பெயரில் எரிந்த பச்சை விளக்கு

அண்ணா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அத்தையிடம் கொடு. நான் தையல் கடைக்குக் கிளம்புகிறேன்.

நீ வேறு கம்பெனியின் கேம் பெட்டிக்கு மாறியதிலிருந்து நம் பேச்சே "உன்னுது டப்பா", "உன்னுதுதான் ஓட்டை" என்பதோடு சரி. உன் ஆன்லைன் ஆட்டத்தில் நான் வர முடியாது, என்னுடையதில் நீ வர முடியாது. சுவருக்கு அந்தப்பக்கம் நீ, இந்தப்பக்கம் நான்.

நேற்று என் திரையில், நாம் சேர்ந்து ஆடியபோது நீ வைத்திருந்த பழைய பெயருக்குப் பக்கத்தில், ஆள் ஆன்லைனில் இருப்பதாகப் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணா, வந்துட்டியா?" என்று அனுப்பினேன்.

"அண்ணன் இல்லம்மா, மெக்கானிக் மாமா. பழைய பெட்டிய எனக்கு வித்தப்போ பேரை அழிக்க மறந்துட்டான் உங்கண்ணன். ரேஸுக்கு வர்றியா?"

ஆடினேன். நீ என்றால் வளைவில் எனக்காக நிற்பாய். அவர் பறந்துவிட்டார்.

பி.கு.: யார் பெட்டி உசத்தி என்ற பேச்சே இனி வேண்டாம். சாயங்காலம் உன் அறைக்கே வருகிறேன். இன்னொரு கன்ட்ரோலரையும் சார்ஜில் போட்டு வை. உன்னுடையதில் பட்டனெல்லாம் இடம் மாறியிருக்கும், முட்டி மோதித்தான் ஓட்டுவேன். நீ சிரித்தாலும் பரவாயில்லை, கதவை மட்டும் சாத்திக்கொள்ளாதே.