ப்ளஸ் இரண்டில் உன் அம்மா

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைத் தாளில் எழுதி, உன் கேமராவிலேயே படம் எடுத்து அனுப்பப்போகிறேன். ஃபோனில் பேசினால் என்ன என்று கேட்பாய். நான் ஃபோனைக் காதில் வைத்தாலே உன் அம்மா, "ஸ்பீக்கர்ல போடுங்க" என்கிறாள். அவள் காதுக்கு மட்டும் ஒரு நோயும் வரவில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பள்ளிக்கூட வண்டிக்கு எனக்குப் பதிலாக வேறு டிரைவர் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அவரை மதிப்பதே இல்லையாம். கேட்டதும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றேன் அல்லவா, பிளம்பர் வந்து முன்பைவிட நன்றாக ஒழுகும்படி செய்துவிட்டுப் போனார்.

இனி கேமரா விஷயத்துக்கு வருகிறேன். தினமும் அம்மாவை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லித்தான் அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். நானும் அனுப்பினேன். முகம் இருட்டாக இருக்கிறதே என்று பதறினாய். அப்புறம் நீயே விளக்கினாய். சுவர் வெள்ளை, விரிப்பு வெள்ளை, தலையணை உறை வெள்ளை. இத்தனை வெள்ளையைப் பார்த்தால் வெளிச்சம் அதிகம் என்று கேமரா ஏமாந்துபோய், தானாகவே படத்தை மங்கலாக்கிவிடுமாம். ப்ளஸ் மைனஸ் போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தை ப்ளஸ் பக்கம் திருப்பச் சொன்னாய். ஸ்டீயரிங் பிடித்த கைக்கு அந்தச் சின்னச் சக்கரம் அகப்படவே இல்லை. எப்படியோ ப்ளஸ் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினேன். விரிப்பு வெள்ளையானது, முகமும் தெளிந்தது.

அதை அம்மாவிடம் காட்டியதுதான் வினை. கேமராவைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டுல வையுங்க, இன்னும் நல்லாருக்கும்" என்றாள். அன்றிலிருந்து இரண்டுதான். விரிப்பில் ஒரு சுருக்கம்கூடத் தெரிவதில்லை. தலையணை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நடுவில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்ய? அவள் பேச்சை மீறி வீட்டுச் சுவரில் ஒரு ஆணிகூட அடித்தவன் இல்லை நான்.

நீ அதைப் பார்த்துவிட்டு, "அம்மா முகத்துல களை வந்துடுச்சுப்பா" என்றாய். அவளுக்கு வாயெல்லாம் பல். நேற்று என்னடாவென்றால், அம்மாதான் தேறிவிட்டாளே, வாங்கிய லீவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன், வருஷக் கடைசியில் வருகிறேன் என்கிறாய். "அதான் சரி. புது வேலை, கெட்ட பேர் வாங்காதே" என்று அவளும் சொல்லிவிட்டாள். அவளை வைத்துக்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை.

இன்று காலை அவள் தூங்கும்போது கேமராவை எடுத்தேன். ஜீரோவில் வைத்தால் கேமரா ஏமாறுகிறது, இரண்டில் வைத்தால் நாம் ஏமாறுகிறோம். கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்காதே. ராத்திரி பகலாகப் பக்கத்திலேயே இருக்கிறவன் கண்ணை நம்ப முடியாதம்மா, அது பழகிப்போகிறது. கடைசியில் என் இடது கையை அவள் கன்னத்தை ஒட்டித் தலையணையில் வைத்துப் படம் எடுத்தேன். இருவருக்கும் ஒரே நிறம், அண்ணன் தங்கை மாதிரி இருக்கிறார்கள் என்று எங்கள் கல்யாணத்தில் கேலி செய்தார்களே, அந்தக் கைதான். ஜீரோவில் ஒன்று, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மேலும் சில படங்கள் எடுத்தேன். ஏற்றினால் கை, முகம் இரண்டும் வெளுக்கிறது, இறக்கினால் இரண்டும் கறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மட்டும் எந்தப் படத்திலும் போகவில்லை. கை பழைய கையாகவே இருக்கிறது. முகம் அப்படி இல்லை. படங்களை இத்துடன் அனுப்புகிறேன், நீயே பார்.

நேற்று சாயங்காலம் டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். "பார்க்க வேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார். நல்ல மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். சரிங்க சார் என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

பார்க்க வேண்டியவள் நீ ஒருத்திதான். லீவை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதே. கொடுத்திருந்தால் காலில் விழுந்தாவது திரும்ப வாங்கு.

நீ வந்து நின்றதும் ஏன் வந்தாய் என்று அம்மா சண்டை பிடிப்பாள். நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதே. அப்பாவுக்குக் கேமரா பிடிக்கவே தெரியவில்லை, எல்லாப் படமும் வெளுத்துப்போய் வருகிறது, நானே எடுக்கலாம் என்று வந்தேன் என்று சொல். அவள் என்னைத் திட்டட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டட்டும். நீ பத்திரமாக வந்து சேர், கண்ணு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா