படப்பை ரூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, மாமா

அன்புள்ள மாமா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லையா என்ன?

நெஞ்சு வலி என்று ஷிஃப்ட் நடுவில் கிளம்பினீர்கள். திரும்பி வரவே இல்லை. அக்காவுக்கு பேக்கிங்கில் வேலை தருகிறோம் என்றது கம்பெனி. உங்கள் மனைவி ஒத்துக்கொள்வாளா? "அவரு செஞ்ச வேலையவே குடுங்க சார், கத்துக்கினு வரேன்" என்று நின்றுவிட்டாள். உங்களோடு அதே நெட்வொர்க் ரூமில் வேலை பார்த்த நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? மேனேஜர் யோசித்துவிட்டு, "பழகிட்டு வாங்கம்மா, டெஸ்ட் வெச்சுப் பாக்கலாம்" என்றார்.

எதில் பழகுவது? நிஜ ரூட்டரில் தப்பாகக் கைவைத்தால் வல்லம் வடகாலில் நம் பிளாண்டே நின்றுவிடும். ரூட்டரின் மென்பொருளை மட்டும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, நிஜம் போலவே ஓட்டிப் பழகும் இமேஜ் உங்கள் லேப்டாப்பில் இருந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அதில் படப்பை, வல்லம், ஒரகடம் என்று மூன்று ரூட்டர். பேர் வைக்கத் தெரிந்த மனுஷருக்கு, பாஸ்வேர்டை ஒருத்தரிடமாவது சொல்லத் தெரியாதா? அதைத் தாண்டி உள்ளே போவதற்குள் என் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அப்புறம் தொடங்கியது போன்.

"டேய், படப்பை எழுந்துக்கவே மாட்டேங்குது."

"மெமரி பத்தலக்கா. மூணையும் ஒண்ணா ஏத்தாத."

"ஏத்தலன்னா வல்லத்துலேர்ந்து ஒரகடத்துக்கு டேட்டா எப்டிடா போவும்?"

"அது பழைய இமேஜ்க்கா. மாமா பாதில வுட்டது. தூக்கிப் போட்டுட்டு புதுசு ஏத்து."

"இன்னாத்துக்குக் கத்தற? நான் இதுலயே பாத்துக்கறேன்."

கடைசியில் தாம்பரம் போய் மெமரி வாங்கி வந்து போட்டதும் நான்தான். மூன்றும் எழுந்தன. ஆனாலும் ஒன்றோடொன்று பேசவில்லை. அக்கா விடவில்லை. ஒரு நாள் சமையலறை வரை கேட்கும்படி சிரித்தாள். "உங்க மாமா ஒரு நம்பர தப்பா போட்டு வெச்சிக்கினு கீறாருடா! மாத்தனதும் மூணும் பேசுது!" நீங்கள் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

டெஸ்ட் அன்று மேனேஜர் ஒன்றுமே எழுதாத புது இமேஜைத் திறந்து கொடுத்தார். "முதல்லேர்ந்து நீங்களே கட்டுங்க." நான் பின்னால் நின்றேன், வாய் திறக்கக் கூடாது. ஒரு இணைப்பு வரவில்லை. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். முணுமுணுத்தபடி ஒவ்வொரு வரியாகப் படித்தாள், திருத்தினாள். வந்துவிட்டது. டிரெய்னியாகச் சேரச் சொல்லிவிட்டார்கள், மாமா.

அன்று சாயங்காலம் நான் போனபோது உங்கள் மூன்று ரூட்டரையும் அழித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! மாமா செஞ்சதுக்கா அது!"

"நீதானடா தூக்கிப் போடச் சொன்ன. புதுசு ஏத்த எடம் வேணாவா?"

தெருவில் வந்து நின்றேன். அழுதது நான்தான், அவள் இல்லை. இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

திங்கட்கிழமை முதல் உங்கள் நாற்காலியில் உட்காரப் போகிறாள். கேட்டதையே நாலு தடவை கேட்பாள். ஐந்தாவது தடவையும் கத்தாமல் பதில் சொல்கிறேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களோடு போட வேண்டிய சண்டையை இன்னும் முடிக்காத
உங்கள் மச்சான்
சரவணன்