தெரு குரூப் வாய் மூடிய மத்தியானம்

வலியசாலை

சிரஞ்சீவி சாய்க்கு அம்மாவின் ஆசீர்வாதம். பகவான் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம், அங்கே குளிர் விட்டதா, உன் இருமல் நின்றதா என்று எழுது. இதைத் தெரு குரூப்பில் போடாமல் தபாலில் எழுதுகிறேன், பதறாமல் படி. போன செவ்வாய்க்கிழமை நான் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று சொல்லியிருக்கிறேனே, வீட்டைத் தாண்டிப் போவார் என்று நினைக்கவில்லை. கோயில், கடைத்தெரு எல்லாம் தேடிவிட்டு, எங்காத்து மாமாவைக் காணோம், கண்டவர்கள் சொல்லுங்கள் என்று குரூப்பில் எழுதினேன். நம் தெரு மரியாதை உனக்குத் தெரியும், பதில் போடாவிட்டால் மனஸ்தாபம். ஆளுக்கொரு கைகூப்புப் படம், பிரார்த்திக்கிறோம், எல்லாம் சரியாகும், நடுவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து வேறு. ஃபோன் அடிக்கும்போதெல்லாம் கிடைத்துவிட்டார் என்று பாய்ந்து பார்த்துப் பார்த்து எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

மாடியில் குடியிருக்கும் ஸ்வப்னாதான், தன் மலையாளம் கலந்த தமிழில், பயப்படாதீங்கோ, பேடிக்காதீங்கோ மாமி, ஞான் பார்த்துக்கறேன் என்று ஃபோனை வாங்கினாள். மாமாவை நேரில் கண்டவர்கள் மட்டும் இந்த மெசேஜுக்கே பதிலாக எங்கே, எப்போது என்று எழுதுங்கள், மற்றவர்கள் தயவுசெய்து ஒன்றும் போட வேண்டாம் என்று எழுதினாள். நம் ஆட்களாவது கேட்பதாவது என்று நினைத்தேன். சாய், அந்த நிமிஷத்திலிருந்து ஃபோன் கப்சிப். விடிந்தால் பூப்படம் அனுப்பாமல் காபி குடிக்காதவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். அப்போது எதிர்வீட்டு பத்மப்ரியாவின் பதில் மட்டும் வந்தது, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மாமா வித்துரா பஸ்ஸில் ஏறினார், முதலிலேயே எழுதினேனே என்று. கைகூப்புகளுக்கு நடுவில் அது யார் கண்ணிலும் படவில்லை. பழைய ஞாபகத்தில், முன்பு உத்தியோகம் பார்த்த பொன்முடி எஸ்டேட் ஆபீசுக்கு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார் மனுஷன். அடிவாரத்து வித்துராவில் இறங்கி மலைக்குப் போகும் பஸ்ஸில் மாறி ஏறியிருந்தால் அந்த மூடுபனியில் எங்கே போய்த் தேடுவது. நல்லவேளை, வித்துராவில் கடை வைத்திருக்கும் ஸ்வப்னாவின் சித்தப்பா ஹரிகுமார், அவள் ஃபோன் பண்ணினதும் ஓடிப்போய்ப் பிடித்து உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அப்பாவை அழைத்துவந்த கார் தெருவுக்குள் நுழைந்தபோது வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள், ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இத்தனை வருஷம் இவர்களோடு குடியிருந்தும் இப்படி ஒரு மனசு இவர்களுக்கு இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

மறுநாள் அந்த மெசேஜ்களை எல்லாம் முதலிலிருந்து படித்தேன். கைகூப்பினவர்களில் நீயும் இருந்தாய். எல்லாரும் போட்டிருக்கிறார்களே என்று மேலே யாரைக் காணோம் என்றுகூடப் பார்க்காமல் நீயும் போட்டிருப்பாய், ஆபீஸ் அவசரம், எனக்குப் புரிகிறது. அப்பாவிடம் நான் சொல்லவில்லை. இனி யார் எழுதினாலும் முழுக்கப் படித்துவிட்டுப் பதில் போடு, சொல்ல ஒன்றும் இல்லையென்றால் சும்மா இரு, ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும். இது கிடைத்ததும் அப்பாவுக்கு ஃபோன் பண்ணு. உன் குரல் அவருக்கு இன்னும் தெரிகிறது.

உன் அம்மா
வாலாம்பாள்