ரிப்போர்ட்டில் இல்லாத வீடு

1963, மாசி. வியாழன் இரவு.

ஆறு மாதமாக என் பின்னால் வரும் சி.ஐ.டி.காரர் இன்று தெப்பக்குளத்து டீக்கடையில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

"முழங்கால் வலி சார், நேத்து வர முடியல. எங்கெங்க போனீங்கன்னு சொல்லுங்க, ரிப்போர்ட் எழுதணும்."

கோர்ட், லைப்ரரி, அச்சாபீஸ் என்றேன். ஸ்ரீரங்கம் போனதைச் சொல்லவில்லை. யாருடைய கடிதங்களையெல்லாம் போலீஸ் பிரித்துப் படிக்கிறது என்று எனக்குச் சொன்ன தபாலாபீஸ் ஊழியரின் வீடு அங்கேதான். அவர் பெயரை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன். தெரிந்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

சி.ஐ.டி.காரர் மூன்றையும் எழுதிக்கொண்டு நோட்டை மூடினார்.

"வலியெல்லாம் இல்ல சார். ஸ்ரீரங்கம் வரைக்கும் பின்னாலதான் வந்தேன். நீங்களும் சொல்லல, நானும் எழுதல. இனிமே அவரைக் கோயில்ல பாருங்க, வீட்டுக்குப் போகாதீங்க."

தன் டீக்குத் தானே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் பத்திரிகைக்காக நாளை அச்சுக்குப் போகும் என் கட்டுரையை இப்போதுதான் எடுத்தேன். அதில் எங்களை வேவு பார்ப்பவர்களின் பட்டியல் உண்டு; முதல் பெயர் இந்த சி.ஐ.டி.காரருடையது. அடித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் உண்மையென்று தெரிந்த ஒன்றை நானே அடித்தது இதுதான் முதல் தடவை. கை கொஞ்சமும் தயங்கவில்லை. தூக்கம்தான் வரவில்லை.