புனித லோறன்ஸுக்கு நான் சுட்ட கோழி

அனுப்புநர்:
மிருணாளினி பிரஷாந்தன்,
டூங்கபி, நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
புனித லோறன்ஸ் திருநாள் குழு,
தமிழ்க் கத்தோலிக்க ஒன்றியம், பென்டில் ஹில்.

பொருள்: சிறுவர் நாடகத்தில் என் மகள் மயூராவிடமிருந்து எடுக்கப்பட்ட புனித லோறன்ஸ் வேடத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். கைக்குழந்தை இப்போதுதான் கண் மூடியது; விடிந்தால் என் துணிவு போய்விடும்.

1. நான் சைவக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கரைத் திருமணம் செய்தவள். பேராதனையில் உணவு விஞ்ஞானம் படித்துப் பட்டமும் பெற்றேன். கீழே உள்ளதை வாசிக்கையில் அந்தப் பட்டத்தைத் தயவுசெய்து மறந்துவிடவும்.

2. நாடகப் பிரதியின்படி, லோறன்ஸ் உரோமை நகரின் திருத்தொண்டர். திருச்சபையின் செல்வங்களை ஒப்படைக்குமாறு ஆளுநர் கட்டளையிட, இருந்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஏழைகளையே கூட்டிச் சென்று "இவர்களே எங்கள் செல்வம்" என்கிறார். அத்துடன் திரை விழுகிறது. சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று மிகுதியை எழுதாமல் விட்டிருந்தது எனக்குத் தெரியாது.

3. மண்டபத்தில் நிற்கும் லோறன்ஸ் சுருவத்தின் கையில், இறைச்சி சுடும் கம்பித்தட்டுப் போல ஓர் இரும்புக் கிராதி. கீழே "சமையற்காரர்களின் பாதுகாவலர்" என்று இருந்தது. பிள்ளையாருக்கு மோதகம், வைரவருக்கு வடைமாலை என்று வளர்ந்த நான், இவர் ஏழைகளுக்கு அதில்தான் சமைத்துப் போட்டிருக்கிறார், ஆகவே இவருக்கு உகந்தது சுட்ட உணவு என்று முடிவு கட்டினேன். சென்ற சனிக்கிழமை ஒத்திகை மதிய உணவுக்கு, கறித்தூள் பிரட்டிய கோழிக்கால்களைப் பார்பிக்யூவில் சுட்டுக் கொண்டுபோய்ச் சுருவத்தின் முன்னால் வைத்தேன். போதாதென்று பக்கத்தில் ஒரு செவ்வரத்தம்பூவும்.

4. எல்லோரும் தட்டையும் சுருவத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நாடகப் பொறுப்பாளர் தேவராஜா அங்கிள்தான், "பிள்ளை, அந்த மனுசனை அதில வைச்சுத்தான் சுட்டவங்கள்" என்றார். பக்கத்தில் நின்ற றெஜினா அன்ரி, "தை மாதம் செபஸ்தியார் திருநாளுக்கு என்ன, கம்பியில குத்தின கபாபோ?" என்று கேட்டார். அம்பு தைத்த செபஸ்தியாரை நான் அறிவேன். ஆதலால் பகிடி விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம். ஆயினும் தட்டு வெறுமையாகவே வீடு திரும்பியது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

5. அன்று மாலையே, புனிதரைக் கேலி செய்த வீட்டுப் பிள்ளை புனிதராக நடிப்பது முறையல்ல என்று தேவராஜா அங்கிள் வாட்ஸப்பில் அறிவித்தார். மயூரா இப்போது ஏழைகளில் ஒருத்தி. கதைப்படி அவளும் திருச்சபையின் செல்வம்தான். ஆனால் அந்தச் செல்வத்துக்கு வசனம் இல்லை.

6. ஐயா, வசனம்தான் என் கவலை. ஏழு வயதான என் மகள், நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வெளியார் கேட்டால் எதிலும் சொல்லமாட்டாள். இந்த நாடகத்துக்காகத்தான் காரின் பின் இருக்கையிலிருந்து முதன்முதலாக உரத்த தமிழ் கேட்டது. சனிக்கிழமைக்குப் பிறகு, கேட்டதற்குப் பதிலாக ஒரு "ஓம்" கூட இல்லை. பிழை செய்தது நான். வாய் மூடியது அவள்.

7. இன்று மாலை மிகுதிக் கதையைத் தேடி வாசித்து அவளுக்குச் சொன்னேன். நெருப்பின் மேல் கிடந்தபடி, "இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள்" என்றாராம் லோறன்ஸ். மயூரா விழுந்து விழுந்து சிரித்தாள். சாகும்போதும் தன்னை வைத்தே பகிடி விட்டவர் என் கோழிக்காலைப் பொறுத்துக்கொள்வார் என்பது என் தாழ்மையான எண்ணம்.

ஆகவே வேடத்தை அவளிடமே திருப்பித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எனக்குத் தண்டனையாக, திருநாளன்று சட்டி பானைகளை நானே கழுவுகிறேன். சமைக்கமட்டும் விடவேண்டாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கதை கேட்ட நேரத்திலிருந்து மயூரா குசினி நிலத்தில் படுத்து, "இந்தப் பக்கம் வெந்திட்டுது, திருப்புங்கோ!" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கத் தமிழில் கத்திக்கொண்டிருந்தாள். அது பிரதியில் இல்லை. மேடையில் சொல்லமாட்டாள் என்று உறுதி தர என்னால் இயலாது. சொல்லக்கூடாது என்று தடுக்கவும் மனமில்லை.

வரும் சனிக்கிழமை கடைசி ஒத்திகை. தயவுசெய்து அதற்கு முன் பதில் தாருங்கள்.

இடம்: டூங்கபி
நாள்: 05.08.2025

இப்படிக்கு,
மிருணாளினி பிரஷாந்தன்
(மயூராவின் அம்மா)