பலாப்பழம் பிடித்து வைத்த இடம்

இன்று காலை வேலூர் போகும் வண்டியில் என் சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. அக்கம்பக்கத்தில் அதற்குச் சொந்தக்காரர் யாரையும் காணோம். எழுந்து கதவுப் பக்கம் ஓடப் பார்த்தேன். அடுத்த நொடியே பழுத்த பலாவின் வாசனை மூக்கில் ஏற, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரில் இருந்தவர் பேப்பரை இறக்கி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். உன்னைத் தெரியாதவர், பாவம்.

சீசன் டிக்கெட்டால் சிநேகிதமானவர்கள் நாம். எனக்கு வேலூரில் டைப்பிஸ்ட் வேலை, உனக்கு அங்கே ஒரு ஜவுளிக்கடையில். ஒரு நாள் மாலை, திரும்பி வரும்போது, நம் வண்டியின் கடைசிப் பெட்டியில் குண்டு வெடித்தது. முன் பெட்டியில் இருந்ததால் நாம் பிழைத்தோம். தினமும் காலையில் நம் பெட்டி மூலையில் உட்கார்ந்து நமக்கு முழம் போட்டு, மேலே ஒரு சாண் விட்டுக் கொடுக்கும் பூக்காரம்மா அன்று கடைசிப் பெட்டியில் இருந்தார்; பிழைக்கவில்லை. யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள்? யார் யார் பெயரோ அடிபட்டது. இன்றுவரை ஒன்றும் தெரியவில்லை.

அதன்பிறகு நம் பெட்டியில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவர் பையை மற்றவர் பார்த்தபடியே வேலூர் போய்ச் சேர்ந்தோம். எனக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. அப்பா இல்லாத வீட்டில் என் சம்பளம்தான் சோறு என்று தெரிந்தும், அம்மாவே வேலையை விடச் சொன்னாள். நானும் முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லிவிட்டு வீடு திரும்பத்தான் அன்று காலை ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நீ என்ன செய்தாய்? பண்ருட்டி அத்தை கொடுத்த பலாப்பழத்தைக் கடையில் எல்லோருக்கும் கொடுக்கச் சாக்கில் கட்டி எடுத்து வந்தாய். நம் இரண்டு பேருக்கும் இடம் பிடிக்க அதையே சீட்டில் வைத்துவிட்டு, என்னைத் தேடி இறங்கிவிட்டாய். ஊரில் எல்லோரும் துண்டு போடுவார்கள், கைக்குட்டை போடுவார்கள். குண்டு வெடித்த வண்டியில் மூட்டையைப் போட்டு இடம் பிடித்த மகராசி நீ ஒருத்திதான்.

நாம் வந்து பார்த்தபோது பெட்டியே காலி. எல்லோரும் பிளாட்பாரத்தின் கோடியில் நின்றார்கள். போலீஸ்காரர் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து லத்தியை நீட்டிக்கொண்டிருந்தார். அது ஜன்னலுக்கே எட்டவில்லை.

"ஐயோ, என்னுதுங்க சார்! பலாப்பழங்க!"

"அப்போ நீயே போய் எடுத்துட்டு வாம்மா. நாங்க இங்கயே நிக்கிறோம்."

குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு இறங்கினாய். வெள்ளரிக்காய் விற்பவரிடம் கத்தி வாங்கி, கைப்பையிலிருந்த தேங்காயெண்ணெயைத் தடவி, அங்கேயே பிளந்தாய். விசில் ஊத வேண்டிய கார்டும் கை நீட்டினார். ஜாஸ்தி தின்றது போலீஸ்காரர்தான். "கொட்டைய போட்ராதீங்க, குழம்புக்கு ஆவும்" என்று நீ கத்த, அத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாத ஜனங்கள் ஒருவர் கைப் பிசினை ஒருவர் காட்டிச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் இனிமே வரலடி" என்றேன், வாய் நிறையச் சுளையோடு.

"மொதல்ல முழுங்கு. அப்புறமா அழு."

பிசின் கையால் என் கையைப் பிடித்து இழுத்தாய். ஒட்டிக்கொண்டது, ஏறிவிட்டேன்.

வண்டி போளூர் தாண்டியதும் உன் காதில் கேட்டேன்: "குண்டு வெச்சவனும் அந்தக் கூட்டத்துல நின்னு தின்னுருப்பானோ?"

பூக்காரம்மா உட்காரும் மூலையை வெகு நேரம் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "தின்னுருந்தா, நம்ம மூஞ்சிங்கள கிட்டத்துல பாத்துருப்பான் இல்ல. பாக்கட்டும்."

அந்த வேலைதான் தங்கைக்குக் கல்யாணம் செய்தது, வேங்கிக்காலில் வீடு கட்டியது. கிரகப்பிரவேசத்துக்கு நீ இல்லை. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. கோபம்தான் வருகிறது உன்மேல், இப்போதும்.

ஆனாலும் ஏறியதும் பக்கத்து சீட்டில் கைக்குட்டை போடுகிறேன், தினமும். இன்று போளூரில் ஒரு பெண் ஏறி, "ஆளு வருதாங்க?" என்றாள்.

"உங்களுக்குத்தான் போட்டு வெச்சேன், உக்காருங்க."

குனிந்து மூட்டையைப் பார்த்தவள் தயங்கி நின்றாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பயப்படாதீங்க. பலாப்பழந்தாங்க."