தத்தையின் வரியில் விட்டுப்போன கட்டம்

நலம் பெருகுக. ஏழு குன்றுகளுக்கும் நிழலானவரும், வெள்ளக்காலத்தில் அக்கரையாருக்கும் கதவடைக்காதவரும், பொறைநாட்டுச் செங்கோல் ஏந்தியவருமான அரசி ஆதிமங்கைப் பெருந்தேவியார் திருமுன்பு, தாழைநாட்டு வேந்தர் கடலனாரின் ஓலைநாயகம் கண்டன் பூதி பணிந்து வரையும் ஓலை. தேவியாரின் குன்றுகளில் தினை குறைவற விளைக. சுனைகள் கோடையிலும் ஊறுக. எங்கள் மக்களுக்குச் சோறிட்ட கைகள் நோயின்றி வாழ்க.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்; காரணத்தைப் பிறகு விரிக்கிறேன். ஆலங்கரை அடைக்கலச்சாலையில் தத்தை என்னும் ஆறு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். தேடி வருவார் இல்லாத பிள்ளைகளை முழுமதி நாளன்று மலையூர்களுக்கு அனுப்பி, பிள்ளையில்லா வீடுகளில் சேர்ப்பதாகத் தேவியார் கருணையோடு அறிவித்திருந்தீர்கள். அந்தக் குழந்தையை மட்டும் அனுப்ப வேண்டாம். அவளுக்குத் தாய் இருக்கிறாள். இல்லாதவள்போல் ஆக்கியது என் எழுத்து.

செம்மணலாறு கரை உடைத்து எங்கள் ஐந்து ஊர்களை அள்ளிச் சென்ற ஐப்பசியில், நானூற்றுப் பன்னிரண்டு பேரைத் தேவியாரின் படகுகள் கரையேற்றின. அவர்கள் யார் யார், எங்கெங்கே இருக்கிறார்கள் என்று உங்கள் எட்டு அடைக்கலச்சாலைகளின் எழுத்தர்களும் ஓலை அனுப்பினார்கள். குறை சொல்லவில்லை, தேவியாரே, உள்ளதைச் சொல்கிறேன்: அந்த ஓலைகளில் பெயரும் ஊரும் அடையாளமும் ஒரு மூச்சாய், விளிம்பு முதல் விளிம்பு வரை ஓடின. எங்கள் முரசுமண்டபத்தில் நின்று ஒருவர் உரக்க வாசித்தால், தன் ஊர் வரும்வரை அரைநாள் கூட்டம் காத்திருக்கும். தன் அண்ணனின் பெயர் வந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போயிருந்த ஒருவன், மறுநாள் மறுபடி முதலிலிருந்து கேட்டான்.

அதனால், வந்த ஓலைகளைக் கட்டமிட்டுப் படியெடுக்க எங்கள் எழுத்துச்சாலைக்கு நான் ஓர் ஏவலோலை எழுதினேன். எழுத்தர் தம் மனம்போல் எழுதாமல், சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்தால் போதும் என்னும்படி அமைத்த கட்டளைகள் அவை. முதல் வரியில் ஐந்து கட்டங்களின் தலைப்பை எழுதுக. ஒவ்வொரு கட்டத்திலும் வரப்போகும் சொற்களில் மிக நீண்டது எதுவென்று பார்த்து, எழுத்துக்கு ஒரு நெல் வீதம் பரப்பி, அதன் அகலமே கட்டத்தின் அகலமாகக் கோடு கிழிக்க. சிறிய சொல் வந்தால், மிஞ்சிய இடத்தைப் புள்ளியிட்டு நிரப்புக. ஓர் ஆளுக்கு ஒரு வரி. ஓலைகள் தீரும்வரை இதையே திரும்பச் செய்க. எங்கள் எழுத்தர் பதினொருவர் தனித்தனியே இருந்து எழுதினார்கள். ஓலைகளைக் கயிற்றில் கோத்துச் சுவரில் தொங்கவிட்டபோது ஒரே கை எழுதியதுபோல் கோடுகள் ஒன்றின்கீழ் ஒன்று இறங்கி நின்றன. ஊர்க் கட்டத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனால் போதும். தன் ஊர் எத்தனை இடத்தில் வருகிறது என்று நொடியில் தெரிந்துவிடும். மூன்று நாளில் இருநூறு பேருக்கு உறவு கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் தலைகனத்ததையும் மறைக்கவில்லை.

பிழை ஏழாம் கட்டளையில் இருந்தது. அரண்மனை எழுத்துச்சாலையில் ஓர் ஒழுங்கு உண்டு. தேவியாரின் சாலையிலும் இருக்கும். ஓலையில் வெற்றிடம் விடலாகாது. விட்டால் பின்னால் எவனாவது ஒரு சொல்லைச் செருகி நிலத்தையோ பட்டத்தையோ தனதாக்கிக்கொள்வான். முப்பது ஆண்டு இந்த அச்சத்திலேயே எழுதிப் பழகிய கை என்னுடையது. ஆகவே, ஒருவரைப்பற்றி ஒரு செய்தி கிடைக்கவில்லையென்றால் இடம் விடாமல் அடுத்த செய்தியை இழுத்துச் சேர்த்து எழுதுக, வரியின் கடைசியில் மிஞ்சுவதைக் கோடு கிழித்து அடைக்க என்று ஏவினேன். நிலத்துக்கான ஒழுங்கை மனிதர்களுக்கும் வைத்துவிட்டேன்.

கருங்காலூரில் கோரைப்பாய் நெய்பவள் சேந்தி. வெள்ளத்தில் கணவனை இழந்தவள். மகள் கையைவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவள். அவள் நாள்தோறும் மண்டபத்துக்கு வந்தாள். நாள்தோறும் நான் கருங்காலூர் வரிகள் முப்பத்தேழையும் வாசித்தேன். தத்தை என்ற பெயர் அவற்றில் இல்லை. ஆறாம் நாள், வேறு நாட்டு ஓலை ஏதேனும் வரக்கூடும் என்று ஆறுதலாகச் சொன்னேன். அதற்கு அவள், "வரக்கூடும் வரக்கூடும்னு ஆறு நாளாச் சொல்றீங்க ஐயா. உங்க வாயும் வலிக்குது, என் காதும் வலிக்குது" என்றாள். எழுத்தர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஏழாம் நாள் அவள் வாசிக்கச் சொல்லவில்லை. எழுத்தறியாதவள், சுவருக்கு எதிரே உட்கார்ந்து தொங்கும் ஓலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு நான்கு வரிகளைச் சுட்டினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், திருத்த எனக்கு உரிமையில்லை: "இந்த நாலு வரியில மட்டும் கடைசிக் கட்டத்துல எழுத்து இல்லாம கோடு கிடக்குதே, ஏன்? பாய்ல இப்படி ஓரம் குறைஞ்சா நடுவுல ஒரு கோரை விட்டுப்போச்சுன்னு அர்த்தம். ஒண்ணு விட்டா மத்ததெல்லாம் நகர்ந்து உட்கார்ந்துக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல, படிங்க."

படித்தேன். தேவியாரும் பார்த்தருள்க. மேலே இருப்பது சரியான வரி. கீழே இருப்பது நான் நகர்த்திய வரி.

பெயர் | பெற்றோர் | ஊர் | இருக்குமிடம் | அடையாளம்
கொற்றி | சாத்தன் | கருங்காலூர் | மேட்டுச்சாலை | வலக்காலில் ஆறு விரல்
தத்தை | கருங்காலூர் | ஆலங்கரை | இடக்கையில் தீத்தழும்பு | ———

பெற்றோர் பெயர் கிடைக்காத குழந்தைக்கு ஊரே தகப்பனாயிற்று. தங்கியிருந்த சாலை ஊராயிற்று. ஆலங்கரை தேவியாரின் நாட்டு ஊர் ஆகையால், அவ்வூர்ப் பிள்ளை எப்படியோ நம் பட்டியலில் கலந்துவிட்டது என்று நாங்கள் கடந்துபோனோம். இருக்குமிடம் தீத்தழும்பு என்று வந்ததைக் கண்டு, அக்கரை எழுத்தர் கள்ளுண்டு எழுதினாரோ என்று கேலிகூடப் பேசினோம். அந்த எழுத்தரிடம் என் பொருட்டு மன்னிப்புக் கேட்டருள வேண்டுகிறேன். பதினோர் எழுத்தரும் நானும் படித்தோம். ஒருவருக்கும் நிற்கத் தோன்றவில்லை. கோடுகள் அவ்வளவு நேராக இருந்தன.

தழும்பு என்று வாசித்ததும் சேந்தி தன் இடக்கை மணிக்கட்டை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள். கோரைக்குச் சாயம் காய்ச்சிய பானையைத் தான் மூடாமல் போனதால் குழந்தைக்கு வந்த தழும்பு அது என்றாள். நான் என் குற்றத்தைச் சொல்லத் தொடங்கியபோது, "விடுங்க ஐயா. நான் பானையை மூடலை, நீங்க கட்டத்தை மூடிட்டீங்க. பிள்ளை இருக்கா, அது போதும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். ஆறு நாள் நான் அவளுக்குச் சொன்ன ஆறுதல்களில் ஒன்றுகூட அந்த ஒன்றுக்கு ஈடாகாது.

பிறகு ஆலங்கரை எழுத்தரின் மூல ஓலையைத் தேடி எடுத்தேன். அவர் கவனமுள்ளவர். வரியின் ஓரத்தில் சிறு எழுத்தில் குறித்திருக்கிறார்: "தாயின் பெயர் பலமுறை கேட்டும் குழந்தை அம்மா என்றே சொல்கிறது." அது பெயரன்று என்று எங்கள் எழுத்தர் தள்ளினார், ஏவல் அப்படி, அவர்மேல் பிழையில்லை.

மற்ற மூன்று வரிகளையும் அன்றே திருத்தினோம். அவற்றில் இரண்டுக்கு உடனே உறவினர் கிடைத்தனர். மூன்றாமவர் தன் பெயரைத் தவிர எதுவும் நினைவில்லாத முதியவர். அவருக்காக இன்னும் தேடுகிறோம்.

வேந்தரிடம் முறையிட்டேன். பிழை செய்த கையே திருத்தமும் எழுதுக என்று பணித்து, படகும் துணைக்கு இரண்டு வீரரும் தந்தருளினார். ஓலையைக் குதிரைவீரனிடம் கொடுத்தனுப்ப எண்ணியிருந்தேன். "குதிரைக்கு என் மக முகம் தெரியுமா?" என்று ஒருத்தி கேட்டதனால் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். இந்த ஓலையைத் தேவியார் திருமுன் நீட்டுபவள் சேந்தியே. படகில் இரண்டு நாள். முழுமதிக்கு இன்னும் ஆறு நாள். காற்று எதிர்த்தாலும் வந்து சேர்வாள்.

இனி, வேந்தர் ஆணைப்படி எங்கள் எழுத்துச்சாலைக்குப் பிறப்பித்து, உங்கள் சாலைகளும் ஏற்றருள வேண்டும் திருத்தம்: மனிதரை எழுதும் ஓலையில் தெரியாத செய்திக்கு அதன் கட்டத்தில் ஒரு வளையம் இடுக; இடத்தை மூடாதே; அடுத்ததை இழுக்காதே; எவரேனும் பொய் செருகுவார் என்று அஞ்சாதே. ஒரு வரியேனும் ஓரம் குறைந்து நின்றால், அட்டவணையைச் சுவரில் தொங்கவிடுமுன் அந்த வரியை வாய்விட்டுப் படிக்க.

தத்தையின் வரியைத் திருத்தி இதனுடன் இணைத்துள்ளேன்:

தத்தை | ○ | கருங்காலூர் | ஆலங்கரை | இடக்கையில் தீத்தழும்பு

அந்த வளையத்துள் சேந்தி என்று நானே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இன்னாள்தான் தாய் என்பதற்குச் சான்று கேட்பது அரசநீதி, தேவியார் கேட்கலாம். ஆயினும் குழந்தையிடம் ஒன்றும் வினவ வேண்டாம் என்பது என் சிறு விண்ணப்பம். இருவரையும் ஒரே முற்றத்தில் விட்டுப் பாருங்கள். குழந்தை எந்தச் சொல்லைச் சொல்லி ஓடுகிறதோ, அந்தச் சொல்லைப் பெயரன்று என்று தள்ளாமல், தேவியார் திருக்கையாலேயே அந்த வளையத்துள் எழுதி, ஓலையை எனக்குத் திருப்பி அனுப்பியருள்க. இந்த ஒரு கட்டம் நிரம்பும்வரை எங்கள் அட்டவணை சுவரில் தொங்கும்.

வேந்தர் கடலனாரின் தாழைமடல் இலச்சினை இட்டு, கார்த்திகை வளர்பிறை ஒன்பதாம் நாள் கட்டியது. கொண்டுவருபவளை வழிமறிக்காதீர், பசித்தால் சோறிடுக, ஆலங்கரைக்கு வழி கேட்டால் அருகான வழியையே காட்டுக. இது ஆணை.